இணையம் இல்லாமலே பாடும் பழைய ரவுட்டர்: வீட்டில் ஒரு கம்பியில்லா இசைப்பெட்டி செய்யும் முறை

இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்கு மேலே, இரண்டு மலைகளுக்கு நடுவில் ஒரு பள்ளத்தில் எங்கள் லயம், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், இருக்கிறது. பண்பலை வானொலியின் அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டிலேயே செல்லக்கூடியவை என்பதால், இடையில் ஒரு மலை குறுக்கே நின்றுவிட்டால் பாட்டின் பாதி இரைச்சலாகவே வந்து சேரும். கைத்தொலைபேசியில் கேட்கலாம் என்றால், பாட்டுக் கேட்பதற்காகவே டேட்டா கார்ட் போட வேண்டியிருக்கிறது. அதே நேரத்தில், ஃபைபர் இணைப்புக்கும் 4ஜி ரவுட்டருக்கும் மாறிய வீடுகளில் பழைய ரவுட்டர்கள் அலுமாரியின் மேல் தூசி படிந்து கிடக்கின்றன. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோதுதான், ஒரு ரவுட்டர் தன் வேலையைச் செய்வதற்கு இணையம் தேவையே இல்லை என்பது எனக்கு உறைத்தது. வீட்டுக்குள் ஒரு வைஃபை வலையை உருவாக்கி, அதில் சேரும் தொலைபேசிகளோடு பேசுவதுதான் அதன் அடிப்படை வேலை. பாட்டுகளைப் பென் டிரைவில் வைத்து, ரவுட்டரோடு ஒலிபெருக்கியை இணைத்துவிட்டால், வீட்டிலுள்ள எந்தத் தொலைபேசியிலிருந்தும் ஒரு ரூபாய் டேட்டாவும் செலவாகாமல் பாட்டைத் தேர்ந்து கேட்கலாம்.

இதைச் செய்ய மின்னணுப் பட்டம் எதுவும் தேவையில்லை. பற்றாசு பிடிக்க (சோல்டரிங்) தெரிந்திருந்தால் நல்லது. தெரியாவிட்டாலும் ஒரு பழைய கெசட் ரேடியோவில் வெளி ஒலியை வாங்கும் ஓக்ஸ் துளை இருந்தால் போதும். பொறுமை மட்டும் கட்டாயம் வேண்டும்.

எந்த ரவுட்டர் உதவும்

முதலில் பார்க்க வேண்டியது யூஎஸ்பி துளை. அது இல்லாத ரவுட்டரில் பென் டிரைவையும் ஒலி அட்டையையும் பொருத்த வழியில்லை; உள்ளே பலகையில் பற்றாசு பிடித்து யூஎஸ்பி எடுக்கக்கூடிய சில ரவுட்டர்கள் இருந்தாலும், முதல் முயற்சிக்கு அது உகந்ததல்ல. அடுத்தது, ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச ஃபர்ம்வெயார் (ரவுட்டரை இயக்கும் உள் மென்பொருள்) அந்த ரவுட்டருக்குக் கிடைக்கிறதா என்பது. லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி என்ற ரவுட்டருக்கான மூலநிரல் 2003இல் வெளியிடப்பட்டதைத் தொடர்ந்து, 2004இல் தொடங்கப்பட்ட திட்டம் இது. ரவுட்டரை ஒரு சிறிய லினக்ஸ் கணினியாக மாற்றி, நமக்கு வேண்டிய மென்பொருள்களை நாமே அதில் நிறுவிக்கொள்ள இது இடம் தருகிறது. நமது பகுதியில் ஒரு காலத்தில் தொலைபேசிக் கம்பி வழியாக இணையம் கொடுத்த ஏடிஎஸ்எல் ரவுட்டர்கள்தான் அதிகமாகக் கிடைக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றின் சிப்புகளுக்கு ஓபன்டபிள்யூஆர்டி கிடையாது என்பதால், கையில் கிடைத்தவுடன் மகிழ்ந்துவிடாமல், அந்தத் திட்டத்தின் இணையத்தளத்தில் உள்ள சாதனப் பட்டியலில் தேடிப் பார்ப்பது அவசியம்.

தேடும்போது மொடல் பெயரை மட்டும் பார்த்தால் போதாது. ரவுட்டரைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் மொடல் பெயருக்குப் பின்னால் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் பதிப்பு எண்ணையும் பார்க்க வேண்டும். உதாரணமாக, டிபி-லிங்க் நிறுவனத்தின் டிஎல்-டபிள்யூஆர்1043என்டி என்ற ரவுட்டரின் முதல் பதிப்பில் 8 மெகாபைட் ஃப்ளாஷ் நினைவகமும் 32 மெகாபைட் ராமும் இருக்கின்றன. அதே பெயரில் வந்த இரண்டாம் பதிப்பில் சிப்பே வேறு, ராமும் 64 மெகாபைட். ஒரு பதிப்புக்கான கோப்பை இன்னொன்றில் ஏற்றினால் ரவுட்டர் எழும்பாமல் போகலாம். 4 மெகாபைட் ஃப்ளாஷும் 32 மெகாபைட் ராமும் கொண்ட ரவுட்டர்களை இந்த வேலைக்கு எடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அந்த அளவினவற்றுக்கு ஓபன்டபிள்யூஆர்டி 19.07 பதிப்போடு அதிகாரபூர்வ ஆதரவும் நின்றுவிட்டது. 8 மெகாபைட் ஃப்ளாஷும் 64 மெகாபைட் ராமும் குறைந்தபட்சம்; 16 மெகாபைட் ஃப்ளாஷ் இருந்தால் வேலை பாதியாகக் குறையும்.

மற்றப் பொருள்கள்

ஒரு யூஎஸ்பி ஒலி அட்டை வேண்டும். விரல் நீளத்தில், இரண்டு துளைகளோடு, மலிவாகக் கடைகளில் கிடைக்கும் சாதாரண அட்டையே போதுமானது. அவற்றில் பெரும்பாலும் சி-மீடியா நிறுவனத்தின் சிப் இருக்கும், அது லினக்சில் தனி மென்பொருள் இல்லாமலே வேலை செய்யும். தெரிவு செய்ய இடமிருந்தால், 44.1 கிலோஹேர்ட்ஸ் ஒலியை மாற்றாமல் அப்படியே ஏற்கும் அட்டையைத் தேடுங்கள். சீடியிலிருந்து எடுத்த பாட்டுகள் எல்லாம் அந்த அளவிலேயே இருப்பதால், அட்டை அதை ஏற்காவிட்டால் ரவுட்டரின் சிறிய மூளை ஒவ்வொரு விநாடியும் ஒலியை 48 கிலோஹேர்ட்சுக்கு மாற்றிக் கொடுக்க வேண்டிவரும். பழைய ரவுட்டர்களின் மிப்ஸ் செயலிகளில் தசமக் கணக்குச் செய்யும் தனிப் பகுதி பொதுவாக இல்லாததால், அந்த மாற்றம் அவற்றுக்குப் பெரும் சுமை.

அடுத்து, தனியாக மின்சாரம் கொடுக்கக்கூடிய யூஎஸ்பி 2.0 ஹப் ஒன்று. பெரும்பாலான ரவுட்டர்களில் ஒரே ஒரு யூஎஸ்பி துளைதான் உண்டு என்பது அதற்கு ஒரு காரணம். இன்னொரு காரணம் பலருக்குத் தெரிவதில்லை: சில ரவுட்டர் சிப்புகளின் யூஎஸ்பி துளை அதிவேகச் சாதனங்களோடு மட்டுமே பேசும். ஒலி அட்டைகளோ பழைய யூஎஸ்பி 1.1 வேகத்தில் இயங்குபவை. நேரடியாகச் செருகினால் ரவுட்டர் அப்படி ஒரு பொருள் வந்ததாகவே காட்டாது. இடையில் ஒரு 2.0 ஹப்பை வைத்தவுடன் அட்டை தெரியவரும். ஒலி அட்டை பழுது என்று நினைத்து எறிவதற்கு முன், ஹப்பின் வழியாகச் செருகிப் பாருங்கள்.

ஒலிபெருக்கிக்கு, பிஏஎம்8403 என்ற சிப் கொண்ட, தீப்பெட்டியை விடச் சிறிய அம்ப்ளிஃபையர் பலகை ஒன்று போதும். 5 வோல்டில் இயங்கி, 4 ஓம் ஒலிபெருக்கிகள் இரண்டுக்குத் தலா ஏறக்குறைய 3 வாட் கொடுக்கும். ஒரு லயக்காம்பிராவுக்கு அதுவே மிகுதி. பழைய கெசட் ரேடியோவிலிருந்து கழற்றிய ஒலிபெருக்கிகளை நான் பயன்படுத்தினேன். காகிதக் கூம்பு கிழியாமல் இருந்தால் அவற்றின் ஒலி இன்றைய மலிவுப் பெட்டிகளை விட நன்றாகவே இருக்கும்.

ஃபர்ம்வெயாரை மாற்றுதல்

இந்த வேலையில் ஆபத்தான நிமிடங்கள் மூன்றோ நான்கோதான், அவை இங்கேதான் வருகின்றன. ரவுட்டரின் பழைய ஃபர்ம்வெயாரில், மென்பொருளைப் புதுப்பிக்கும் பக்கத்துக்குச் சென்று, உங்கள் பதிப்புக்கு உரிய ஓபன்டபிள்யூஆர்டி கோப்பைக் கொடுக்க வேண்டும். கோப்புகள் இரண்டு வகையாக இருக்கும்: பெயரில் 'ஃபெக்டரி' என்றிருப்பது முதல்முறை மாற்றுவதற்கு, 'சிஸ்அப்கிரேட்' என்றிருப்பது ஏற்கெனவே ஓபன்டபிள்யூஆர்டி இருக்கும் ரவுட்டரைப் புதுப்பிப்பதற்கு. கணினியையும் ரவுட்டரையும் லேன் வயரால் இணைத்தே இதைச் செய்ய வேண்டும், வைஃபை வழியாகச் செய்யக்கூடாது.

நான் முதலில் எடுத்த ரவுட்டர் இந்த இடத்தில்தான் போனது. ஆனி மாதத்துத் தென்மேற்குப் பருவக்காற்று வீசிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், கோப்பு ஏறிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. மீண்டும் வந்தபோது ஒரே ஒரு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு அந்த ரவுட்டர் பேசவே இல்லை. சில ரவுட்டர்களின் துவக்க நிரல், ரீசெட் பொத்தானை அழுத்தியபடி மின்சாரம் கொடுத்தால், டிஎஃப்டிபி என்ற முறையில் கணினியிலிருந்து கோப்பைத் தானே வாங்கி உயிர்பெறும். அதை அன்று நான் அறிந்திருக்கவில்லை. ஆகவே, காற்றும் மழையும் இல்லாத நாளைத் தெரிவு செய்யுங்கள். முடிந்தால் கணினிக் கடைகளில் கிடைக்கும் சிறிய யூபிஎஸ் ஒன்றின் வழியாக ரவுட்டருக்கு மின்சாரம் கொடுங்கள். தொடங்குவதற்கு முன், உங்கள் மொடலுக்கு மீட்பு வழி என்ன என்பதைச் சாதனப் பக்கத்தில் வாசித்துக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

புதிய ஃபர்ம்வெயார் ஏறி, ரவுட்டர் தானாக மறுபடி தொடங்கியதும், கணினியின் உலாவியில் 192.168.1.1 என்று தட்டினால் 'லூசி' என்ற நிர்வாகப் பக்கம் திறக்கும். பயனர் பெயர் 'ரூட்'. தொடக்கத்தில் கடவுச்சொல் இருக்காது, உடனே ஒன்றை வைத்துவிடுங்கள். பொதுவாகத் தொடக்கத்தில் வைஃபையும் அணைக்கப்பட்டே இருக்கும். அது தெரியாமல், வைஃபை பெயர் காணவில்லையே, ரவுட்டர் பழுதாகிவிட்டதே என்று பயப்பட வேண்டாம்.

ஒரே ஒரு முறை இணையம்

தேவையான மென்பொருள் பொதிகளை இறக்குவதற்கு ரவுட்டருக்கு ஒரு தடவை இணையம் வேண்டும். வீட்டில் இயங்கும் 4ஜி ரவுட்டரின் லேன் துளையிலிருந்து ஒரு வயரைப் பழைய ரவுட்டரில் இணையம் நுழையும் 'வான்' (WAN) துளைக்குக் கொடுத்தால் போதும். ஆனால், இரண்டுமே 192.168.1.1 என்ற ஒரே முகவரியில் இருந்தால் ஒன்றோடொன்று மோதி, எதுவும் வேலை செய்யாது. எனவே வயரைச் செருகுவதற்கு முன், லூசியில் 'நெட்வேர்க்' பகுதிக்குச் சென்று, பழைய ரவுட்டரின் லேன் முகவரியை 192.168.5.1 என மாற்றிக்கொள்ளுங்கள். இனிமேல் அதுவே உங்கள் இசைப்பெட்டியின் முகவரி.

பொதிகளை 'சிஸ்டம்' பகுதியின் கீழுள்ள 'சொஃப்ட்வெயார்' பக்கத்திலேயே பெயரைத் தட்டித் தேடி நிறுவலாம். முதலில் பட்டியலைப் புதுப்பிக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். (இங்கே பெயர்களை உச்சரிப்புப்படி தமிழில் எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்ட வேண்டும்.) ஒலிக்கு 'கேமொட்-யூஎஸ்பி-ஓடியோ', 'அல்சா-யூடில்ஸ்' ஆகிய இரண்டும், பென் டிரைவுக்கு 'கேமொட்-யூஎஸ்பி-ஸ்டோரேஜ்', 'கேமொட்-எஃப்எஸ்-விஃபாட்', 'கேமொட்-எஃப்எஸ்-எக்ஸ்ட்4', 'பிளொக்-மவுண்ட்' ஆகியவையும், பாடுவதற்கு 'எம்பிடி-மினி', அதைக் கட்டளையால் இயக்க 'எம்பிசி' ஆகியவையும் வேண்டும். இவற்றோடு 'கேமொட்-என்எல்எஸ்-யூடிஎஃப்8' என்ற சிறு பொதியையும் மறவாதீர்கள். இது இல்லாவிட்டால், தமிழில் பெயரிட்ட பாட்டுக் கோப்புகள் எல்லாம் கேள்விக்குறிகளாகத் தெரியும். ஒரு தொகுப்பு முழுவதும் பத்துக் கேள்விக்குறிகளாக வரிசையில் நிற்பதைப் பார்த்துக்கொண்டு, அதில் எது தாலாட்டு, எது ஒப்பாரி என்று ஊகிக்க முடியாது.

8 மெகாபைட் ஃப்ளாஷ் உள்ள ரவுட்டரில் இவை எல்லாவற்றுக்கும் இடம் பற்றாது. அதற்குப் பென் டிரைவின் ஒரு பகுதியை ரவுட்டரின் உள் நினைவகம் போலவே பயன்படுத்தும் 'எக்ஸ்ட்ரூட்' என்ற வழி இருக்கிறது. கணினியில் பென் டிரைவை இரண்டு பிரிவுகளாகப் பிரியுங்கள்: 1 கிகாபைட் அளவில் எக்ஸ்ட்4 வடிவப் பிரிவொன்று, மிகுதி முழுவதும் ஃபாட்32 வடிவத்தில் பாட்டுகளுக்கு. பென் டிரைவுக்கான பொதிகளை மட்டும் முதலில் நிறுவி, கணினியிலிருந்து எஸ்எஸ்எச் (SSH) முறையில் ரவுட்டரின் கட்டளைத் திரைக்குள் நுழைந்து, நம் மாற்றங்களைச் சேமிக்கும் 'ஓவர்லே' கோப்பகத்தில் உள்ள அனைத்தையும் எக்ஸ்ட்4 பிரிவுக்குள் நகலெடுத்துவிட்டு, 'மவுண்ட் பொயின்ட்ஸ்' பக்கத்தில் அந்தப் பிரிவை வெளி ஓவர்லேயாகக் குறித்து, ரவுட்டரை மறுபடி தொடங்க வேண்டும். நகலெடுக்காமல் தொடங்கினால், நீங்கள் அதுவரை செய்த அமைப்புகள் எல்லாம் காணாமற்போய், முகவரியும் 192.168.1.1 ஆகத் திரும்பியிருக்கும். பென் டிரைவைக் கழற்றிவிட்டுத் தொடங்கினால் பழைய நிலை அப்படியே திரும்ப வரும் என்பதால், இதில் தவறு நேர்ந்தாலும் ரவுட்டருக்குக் கேடில்லை.

பாட வைத்தல்

எம்பிடி என்பது பின்னணியில் நின்று பாடும் ஒரு மென்பொருள். அதற்குத் திரையோ பொத்தான்களோ கிடையாது; 6600 என்ற துறை எண்ணில் காத்திருந்து, வலையில் வரும் கட்டளைகளுக்கு ஏற்பப் பாட்டை இயக்கும். அதன் அமைப்புக் கோப்பு 'ஈடிசி' கோப்பகத்தில் 'எம்பிடி.கொன்ஃப்' என்ற பெயரில் இருக்கும். அதில் ஐந்து விடயங்களைச் சரிசெய்ய வேண்டும். பாட்டுகள் இருக்கும் கோப்பகமாகப் பென் டிரைவின் ஃபாட்32 பிரிவைக் குறிப்பிடுங்கள். பாட்டுப் பட்டியலைச் சேமிக்கும் தரவுக் கோப்பையும் நிலையைச் சேமிக்கும் கோப்பையும் பென் டிரைவிலேயே வையுங்கள். அடிக்கடி எழுதினால் ரவுட்டரின் உள் ஃப்ளாஷ் தேய்ந்துவிடும். கேட்கும் முகவரி என்ற வரியில் 'எனி' என்று எழுதினால்தான் தொலைபேசிகளால் அதை அணுக முடியும். ஒலி வெளியீட்டின் வகையாக 'அல்சா' என்பதையும், சாதனமாக 'எச்டபிள்யூ:0,0' என்பதையும் கொடுங்கள். ஒலியளவைக் கூட்டிக் குறைப்பதற்கு 'ஹார்ட்வெயார்' மிக்சரைத் தெரிவு செய்து, கட்டுப்பாட்டின் பெயரையும் எழுத வேண்டும். 'அல்சாமிக்சர்' கட்டளையைத் தட்டினால் உங்கள் அட்டையில் அந்தப் பெயர் 'ஸ்பீக்கர்' என்றா 'பிசிஎம்' என்றா இருக்கிறது என்று திரையில் காணலாம்.

ஐந்தாவதைத் தனியாகச் சொல்ல வேண்டும். மின்சாரம் போய்த் திரும்பும்போது, முன்பு பாடிக்கொண்டிருந்த பாட்டை விட்ட இடத்திலிருந்து எம்பிடி தானாகத் தொடரும். கேட்க நல்ல வசதிதான். ஆனால், பின்னேரம் ஏழு மணிக்குப் போன கரண்ட் அதிகாலை இரண்டு மணிக்கு வந்தபோது, எங்கள் பெட்டி முழு ஒலியில் தவில் வாசிக்கத் தொடங்கியது. லயத்தில் ஒரு வீட்டின் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். பக்கத்துக் காம்பிராவில் இருப்பவர் விடிந்ததும் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போக வேண்டியவர். மறுநாள் காலையில் அவரிடம் சென்று, "மன்னிச்சிக்கங்க அக்கா, இனி இப்படி நடக்காது" என்று சொல்லிவிட்டு வந்து முதல் வேலையாகச் செய்தது, அமைப்புக் கோப்பில் 'ரெஸ்டோர்_போஸ்ட்' (restore_paused) என்ற வரிக்கு 'யெஸ்' என்று எழுதியதுதான். அப்படி எழுதிவிட்டால், மின்சாரம் திரும்பியதும் பெட்டி அதே பாட்டில் நின்று, யாராவது தொடங்கும்வரை காத்திருக்கும்.

பாட்டுகளை 128 கிலோபிட் எம்பி3 கோப்புகளாக வைத்திருந்தால் ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 மெகாபைட் ஆகும். 32 கிகாபைட் பென் டிரைவில் 500 மணி நேரத்துக்கு மேல் வைக்கலாம். ஒலித்தரம் குறையாத ஃப்ளாக் கோப்புகள் அளவில் பெரியவையானாலும் முழு எண் கணக்கிலேயே விரிக்கப்படுவதால், பழைய செயலிக்கும் சிரமம் தராமல் பாடும். புதிய பாட்டுகளைச் சேர்த்த ஒவ்வொரு முறையும் 'எம்பிசி அப்டேட்' என்ற கட்டளையைக் கொடுத்தால்தான் அவை பட்டியலில் தோன்றும்.

இனி வைஃபையை இயக்கலாம். 'வயர்லெஸ்' பக்கத்தில் நாட்டை இலங்கை என்று குறித்து, 2.4 கிகாஹேர்ட்சில் 1, 6, 11 ஆகிய சேனல்களில் அயலில் குறைவாகப் பயன்படும் ஒன்றைத் தெரிவு செய்து, டபிள்யூபிஏ2 கடவுச்சொல் வையுங்கள். பழைய லயங்களின் கருங்கற் சுவர்களைத் தாண்டுவதில் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலை 5 கிகாஹேர்ட்ஸ் அலையை விட மேலானது. தொலைபேசியில் எம்.ஏ.எல்.பி. போன்ற எம்பிடி செயலி ஒன்றை நிறுவி, 192.168.5.1 என்ற முகவரியையும் 6600 என்ற எண்ணையும் கொடுங்கள். அப்போது, இந்த வைஃபையில் இணையம் இல்லை என்று தொலைபேசி எச்சரித்து, தானாகவே மொபைல் டேட்டாவுக்கு மாறிவிடக்கூடும். இணைப்பில் தொடர்ந்து இருக்கச் சொல்லும் தெரிவை அழுத்திவிட்டால் மறுபடி கேட்காது. செயலி இணைந்தும் பாட்டுப் பட்டியல் வெறுமையாக இருந்தால், பெரும்பாலும் இதுதான் காரணம் அல்லது 'அப்டேட்' கட்டளை கொடுக்கப்படவில்லை.

அம்மாயிக்கு ஒரு பொத்தான்

எங்கள் அம்மாயிக்குத் தொடுதிரை பழக்கமில்லை. நாற்பது வருடங்கள் கொழுந்து கிள்ளிய விரல்களின் நுனி காய்த்துப் போயிருப்பதால், திரை பல நேரங்களில் அவரது தொடுதலை ஏற்பதே இல்லை. இந்தப் பெட்டியில் இருக்கும் பாட்டுகளில் பாதி அவருக்காகவே சேர்த்தவை; அவரால் இயக்க முடியாத பெட்டியைச் செய்து என்ன பயன் என்ற எண்ணம் எனக்கு இருந்துகொண்டே இருந்தது. ரவுட்டரில் ஏற்கெனவே ஒரு பொத்தான் இருக்கிறது: தொலைபேசிகளைக் கடவுச்சொல் இல்லாமல் இணைப்பதற்காக வைத்த டபிள்யூபிஎஸ் பொத்தான். அந்த வேலைக்கு அதை யாரும் பயன்படுத்துவதில்லை.

ஓபன்டபிள்யூஆர்டியில் 'ஈடிசி' கோப்பகத்துக்குள் 'ஆர்சி.பட்டன்' என்ற கோப்பகம் இருக்கிறது. அதில் பொத்தானின் பெயரிலேயே, அதாவது 'டபிள்யூபிஎஸ்' என்று, ஒரு கட்டளைக் கோப்பு வைத்தால், பொத்தானை அழுத்தும்போதும் விடும்போதும் அந்தக் கோப்பு இயங்கும். அழுத்தும்போது 'அக்ஷன்' என்ற மாறியில் 'பிரெஸ்ட்' என்றும், விடும்போது 'ரிலீஸ்ட்' என்றும் வரும். விட்ட நேரத்தில் மட்டும் 'எம்பிசி டொகிள்' என்ற கட்டளை இயங்குமாறு எழுதினால் போதும்: பாடிக்கொண்டிருந்தால் நிற்கும், நின்றிருந்தால் பாடும். கோப்புக்கு இயங்கும் அனுமதியைக் கொடுக்க மறந்துவிடாதீர்கள். ஏற்கெனவே அந்தப் பெயரில் ஒரு கோப்பு இருந்தால், வேறொரு பெயரில் நகலெடுத்து வைத்துவிட்டு உங்களுடையதை வையுங்கள். இன்னும் ஒரு படி சென்று, எவ்வளவு நேரம் அழுத்தப்பட்டிருந்தது என்பதை 'சீன்' என்ற மாறியிலிருந்து விநாடிகளில் அறிந்து, இரண்டு விநாடிக்கு மேல் அழுத்தினால் 'எம்பிசி நெக்ஸ்ட்' இயங்கி அடுத்த பாட்டுக்குத் தாவுமாறும் செய்யலாம்.

டபிள்யூபிஎஸ் பொத்தான் குண்டுமணி அளவுதான் இருக்கும். நான் அதன் இரண்டு முனைகளிலிருந்தும் மெல்லிய வயர்களைப் பற்றாசு பிடித்து எடுத்து, கதவு மணிக்குப் போடும் பெரிய பொத்தானைப் பெட்டியின் முன்பக்கத்தில் பொருத்தினேன். முதல்முறை அம்மாயி அதை அழுத்தியபோது வந்தது, நாங்களே தொலைபேசியில் பதிவு செய்து வைத்திருந்த காமன் கூத்துத் தப்பு மேளம். அவர் கையை எடுக்காமலே, "இது நம்ம பெரட்டுக் களத்துல ஆடுனது தானடா" என்றார். பெரட்டுக் களம் என்றால் தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் திடல்.

காலையில் ஐந்து மணிக்குப் பக்திப் பாட்டு தானாக ஒலிக்க வேண்டும் என்று சிலர் கேட்பதுண்டு. ரவுட்டருக்குள் பற்றரியால் ஓடும் கடிகாரம் பொதுவாகக் கிடையாது. நேரத்தை அது இணையத்திலிருந்தே பெறுகிறது. இணையம் இல்லாத பெட்டியில் ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் நேரம் தவறிவிடும் என்பதால், லூசியில் உலாவியின் நேரத்தை ஏற்கச் சொல்லும் பொத்தானை அழுத்தும் பழக்கம் இல்லாதவர்கள் இந்த ஆசையை விட்டுவிடுவதே நல்லது.

பெட்டியும் மின்சாரமும்

தேயிலையைக் காகிதச் சாக்குகளில் அடைக்கத் தொடங்குவதற்கு முன், ஒட்டுப்பலகைப் பெட்டிகளில்தான் அடைத்து அனுப்பினார்கள். அந்தப் பழைய தேயிலைப் பெட்டியின் பலகை இன்னும் சில வீடுகளில் சாமான் வைக்கப் பயன்படுகிறது. இசைப்பெட்டிக்கு அதைவிடப் பொருத்தமான பலகையை நான் காணவில்லை: இலேசானது, ஒலிக்கு இனிமை சேர்ப்பது, வைஃபை அலையைத் தடுக்காதது. தகர பிஸ்கட் டின்னுக்குள் ரவுட்டரை வைத்தால் அலை வெளியே வராது. மேற்பக்கமும் அடிப்பக்கமும் காற்றுப் போக இடைவெளி விட்டு, எறும்பும் கரப்பானும் நுழையாதவாறு கொசுவலைத் துண்டை உள்ளே ஒட்டிவிடுங்கள். மூடுபனிக் காலத்தில், குளிர்ந்து கிடக்கும் பலகையில் ஈரம் படிந்து செம்புத் தடங்கள் பச்சை பிடிக்கும். எனவே, அடுப்படிப் புகையும் ஆவியும் படாத இடத்தில், இஸ்தோப்பிலிருந்து (வாசல் திண்ணை) உள்ளே தள்ளி, சுவரில் ஒட்டாமல் வையுங்கள்.

அம்ப்ளிஃபையரை இணைக்கும்போது ஒரு விதியை மீறவே கூடாது. பிஏஎம்8403 பலகையில் இடது, வலது ஒலிபெருக்கிகளின் மைனஸ் முனைகளை ஒன்றாகச் சேர்க்கவோ, பூமி முனையோடு இணைக்கவோ கூடாது. அந்த முனைகளிலும் ஒலி மின்சாரம் ஓடுவதால் சிப் எரிந்துவிடும். ஒவ்வொரு ஒலிபெருக்கிக்கும் தனித்தனி இரு வயர்கள் கொடுங்கள். அதேபோல 5.5 வோல்டைத் தாண்டிக் கொடுக்கவும் கூடாது. ரவுட்டரின் 12 வோல்ட் அடப்டரிலிருந்தே எல்லாவற்றையும் இயக்க விரும்பினால், அந்த அடப்டர் குறைந்தது 2 அம்பியர் கொடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். எல்எம்2596 போன்ற, வோல்டைக் குறைக்கும் இறக்கிப் பலகையின் திருகைத் திருப்பி, மல்டிமீற்றரில் 5.0 வோல்ட் காட்டிய பிறகே ஹப்பையும் அம்ப்ளிஃபையரையும் அதில் இணையுங்கள். பாட்டு நின்றிருக்கும்போது மெல்லிய கீச்சொலி கேட்டால், அம்ப்ளிஃபையரும் ஒலி அட்டையும் ஒரே மின்வழங்கியைப் பகிர்வதே பெரும்பாலும் அதற்குக் காரணம். அம்ப்ளிஃபையருக்குத் தனியாக ஒரு தொலைபேசி சார்ஜரைக் கொடுத்ததும் எங்கள் பெட்டியில் அந்தச் சத்தம் முற்றாக நின்றது.

மின்வெட்டு நேரத்துக்கு, 12 வோல்ட் 7 அம்பியர்-மணி பற்றரி ஒன்று போதும். ரவுட்டரும் மற்றவையும் சேர்ந்து ஏறக்குறைய 8 வாட் எடுப்பதாகக் கொண்டால், பற்றரியின் பாதியை மட்டும் பயன்படுத்தினாலும் சுமார் 5 மணி நேரம் ஓடும். சார்ஜ் ஆகும்போது பற்றரியின் முனைகளில் 13.8 வோல்ட் வரை இருக்கும் என்பதால், ரவுட்டரைத் திறந்து, மின்சாரம் நுழையும் இடத்திலுள்ள பெரிய கபாசிட்டரில் 25 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். 16 வோல்ட் என்றிருந்தால் இடையே ஒரு 12 வோல்ட் ஒழுங்காக்கியை வைப்பது பாதுகாப்பு.

சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேரங்களில் இடி முழங்கும்போது, பெட்டியின் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. வான் துளையில் வயர் எதுவும் தொங்கவிட வேண்டாம். மின்னல் தாக்கத்தில் போன ரவுட்டர்களில் பலவற்றுக்கு, கேடு தொலைபேசிக் கம்பி வழியாகவோ லேன் வயர் வழியாகவோதான் நுழைந்தது.

எல்லாம் ஒழுங்காக ஓடத் தொடங்கிய அன்றே, லூசியில் 'பேக்கப்' பக்கத்துக்குச் சென்று அமைப்புகளின் நகலைக் கணினியில் இறக்கிவையுங்கள். பென் டிரைவின் ஃபாட்32 பிரிவையும் அப்படியே நகலெடுத்து, வேறு வீட்டிலுள்ள ஒருவரிடம் கொடுத்துவையுங்கள். கடையில் வாங்கிய பாட்டை மறுபடியும் எங்காவது தேடி எடுக்கலாம். பெரியம்மாவின் தாலாட்டும் எங்கள் களத்துத் தப்பும் அந்தப் பென் டிரைவில் மட்டும்தான் இருக்கின்றன. பென் டிரைவ் பழுதாவதற்கு முன்னறிவிப்பு எதுவும் கொடுப்பதில்லை.